காரைக்குடிப் பக்கம் மாற்றலாகி வருகிறீர்களா? பள்ளியில் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஏப்ரலில் மாற்றல் உத்தரவு, மே கடைசிக்குள் வீடு, ஜூனில் பள்ளி. வங்கியோ, சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமோ, அழகப்பா பல்கலைக்கழகமோ, எதில் வேலையாக இருந்தாலும் காரைக்குடி, தேவகோட்டைக்கு வருகிற குடும்பங்களுக்கு இந்த அவசரம் பொது. மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். விசாரிக்க ஆளும் தெரியாது, நேரமும் கிடையாது. இந்த அவசரத்தை வைத்தே சில பள்ளிகளின் சேர்க்கை நடக்கிறது.

போன கல்வியாண்டில் ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரி குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதுகிறோம். பையன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம். இதே முறை ஒரு பள்ளியோடு நிற்பதில்லை, முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

வாசல் வளைவில் ‘சிபிஎஸ்இ’ என்று முழ உயர எழுத்து. அதன் அடியில், மழையில் பாதி அழிந்த சின்ன எழுத்தில் ‘பாடத்திட்டம்’. பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் 193 என்று தொடங்கும் ஏழு இலக்க எண்ணும் இருந்தது. தமிழ்நாட்டுத் தனியார் சிபிஎஸ்இ பள்ளிகளின் இணைப்பு எண் அப்படித்தான் தொடங்கும் என்பதால் தகப்பனாருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த எண் உண்மையானதுதான். ஆனால் அது அதே அறக்கட்டளை வேறு மாவட்டத்தில் நடத்தும் இன்னொரு பள்ளியின் எண். அக்டோபரில் ஒன்பதாம் வகுப்புப் பதிவுக்குப் படிவம் வந்தபோது பள்ளிப் பெயரும் ஊரும் வேறாக இருந்தன. கேட்டதற்கு அலுவலகத்தில் சொன்ன பதில்: “ஒரே டிரஸ்ட் சார், ஒரே நம்பர்தான். எக்ஸாமுக்கு மட்டும் நாங்களே பஸ் விட்டு அங்க கூட்டிட்டுப் போயிருவோம்.”

இந்தப் பதிலில் உண்மை கொஞ்சமும் இல்லை. இணைப்பு என்பது ஒரு முகவரியில், ஒரு வளாகத்தில் இயங்கும் ஒரு பள்ளிக்குத் தரப்படுவது. அறக்கட்டளைக்கு எண் கிடையாது. இணைப்பில்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளையைத் தன் மாணவனாகக் காட்டித் தேர்வுக்கு அனுப்பக் கூடாது என்பது சிபிஎஸ்இ வாரியத்தின் விதி. இங்கே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அங்கே தினமும் வருகைப்பதிவு போட்டால்தான் இந்த ஏற்பாடு ஓடும். அங்கே ஆய்வு வந்து பிள்ளை இல்லையென்று தெரிந்தால் சிக்குவது பள்ளி மட்டும் இல்லை, தேர்வெழுதப் போகும் பிள்ளையும்தான். மாற்றுச் சான்றிதழும் ஒரு நாள்கூடப் படிக்காத பள்ளியின் பெயரில் வரும். ஒன்பதில் பதிவானால் பத்தும் அங்கேதான். பத்தாம் வகுப்பில் நேரடியாக வேறு சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற வாரியத்தின் அனுமதி வேண்டும், சும்மா கேட்டால் கிடைக்காது. பெற்றோர் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்து, பதிவு முடியுமுன் பையனை இணைப்புள்ள வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். பத்து நாள் தாமதித்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும்.

சரிபார்க்கும் வேலை அரை மணி நேரம்தான். சிபிஎஸ்இயின் ‘சாரஸ்’ தளத்தில் இணைப்புப் பெற்ற பள்ளிகளின் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எண்ணைப் போட்டதும் பெயர் வந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். முகவரியைப் பாருங்கள், நீங்கள் நேரில் போய் நின்ற வாசலின் முகவரியா அது? அடுத்து எந்த நிலை வரை இணைப்பு என்பது. பத்து வரை மட்டும் இணைப்பு வைத்துக்கொண்டு பதினொன்றுக்குச் சேர்க்கை நடத்துவதும், எட்டு வரை மட்டும் அனுமதி வைத்துக்கொண்டு ஒன்பதைத் தொடங்குவதும் நடக்கிறது. கடைசியாக, இணைப்பு எந்த ஆண்டு வரை செல்லும் என்பது. “அப்ளை பண்ணிட்டோம், நம்பர் வந்துரும்” என்று சொன்னால் எட்டாம் வகுப்புக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு அது கொஞ்சம் பொறுக்கலாம். ஒன்பதுக்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பள்ளியின் சொந்த இணையதளத்தில் ‘கட்டாயப் பொது வெளியீடு’ என்ற பக்கம் இருக்க வேண்டும். இது வாரியத்தின் உத்தரவு. இணைப்புக் கடிதம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, குடிநீர் - சுகாதாரச் சான்று, கட்டண விவரம், ஆசிரியர் எண்ணிக்கை, கடைசி மூன்றாண்டுத் தேர்ச்சி எல்லாம் அதில் ஏற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஆவணத்தின் சுட்டியையும் திறந்து பாருங்கள். சில திறக்கவே திறக்காது. சிலவற்றில் தீயணைப்புச் சான்று காலாவதியாகியிருக்கும். கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும். மேலே சொன்ன பள்ளியின் இணையப் பக்கத்தில் இருந்த கட்டடச் சான்றில் கிராமத்தின் பெயரே வேறு. யாரும் பக்கத்தை விரித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மெட்ரிக் பள்ளியானால் கேட்க வேண்டியது அங்கீகார ஆணை. தனியார் பள்ளிகள் இயக்ககத்தின் கீழ் வரும் அந்த ஆணையில் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, எந்தத் தேதி வரை என்று இருக்கும். நர்சரி - பிரைமரி அங்கீகாரத்தோடு ஐந்து வரை நடத்த வேண்டிய பள்ளி ஆறாம் வகுப்பைச் சத்தமில்லாமல் தொடங்குவது பழைய பழக்கம். “புதுப்பிக்கப் போட்டிருக்கிறோம்” என்பது பல இடங்களில் உண்மைதான், அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். விண்ணப்பித்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அங்கீகாரமே இல்லாமல் பள்ளி நடத்தினால் கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதன் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். கேட்கிறவர்கள் குறைவு என்பதால் துணிந்து நடத்துகிறார்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து மழலையர் பள்ளி வைப்பது. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு என்று பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகளும் வளவைச் சுற்றி ஓடி விளையாடும். ஆனால் வீட்டு நீளம் ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை போகும், வெளியேற முன்வாசலும் பின்வாசலும்தான். பின்வாசலில் பூட்டுத் தொங்கும். பங்காளி ஒருவர் வீட்டுச் சாமான் அந்தக் கட்டில் அடைந்திருக்கும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனதற்குப் பிறகும் இதைப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது. பின்வாசலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சாவியைத் தேடினால் அங்கேயே முடிவு செய்துவிடலாம். சமையல் எங்கே நடக்கிறது, மேலே ஓடா ஓலையா என்பதையும் பாருங்கள். இன்னொன்று, அந்த வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்குதாரர்கள் இருப்பார்கள். வாடகைக்கு விட்டவர் ஒருவராக இருப்பார். சென்னையிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வரும் மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் நடுவாண்டில் பள்ளி இடம் மாறும், சில நேரம் மூடும். பதிவு செய்த நீண்ட காலக் குத்தகை ஆவணமும், தாசில்தார் தரும் பொதுக் கட்டட உரிமமும் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனிப் பணம். அந்த வங்கிக் குடும்பத்திடம் சேர்க்கை நாளில் மூன்று தாள் கொடுத்தார்கள். முதலாவது பள்ளியின் பெயரில், எண் போட்ட அச்சு ரசீது. இரண்டாவது அறக்கட்டளையின் பெயரில் ‘நன்கொடை’. ‘முழு விருப்பத்துடன் அளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே தகப்பனாரின் கையெழுத்து. மூன்றாவது ரசீதே இல்லை, வெள்ளைத் துண்டுச்சீட்டு. புத்தகம், யூனிபார்ம், ஆக்டிவிட்டி என்று எழுதிப் பென்சிலால் ஒரே மொத்தத் தொகை.

திரும்பக் கேட்டபோது முதல் ரசீதின் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். இரண்டாவது ‘நீங்களாக விரும்பிக் கொடுத்தது’. மூன்றாவதற்குக் கணக்கே இல்லை. பெரிய தொகை எப்போதும் இரண்டாவது, மூன்றாவது தாளில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயித்து ஆணை தருகிறது. அது மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவது கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் குற்றம், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். அதே பிரிவு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நுழைவுத் தேர்வு வைப்பதையும் தடுக்கிறது. முதல் முறை 25,000, அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை அபராதம். இவை எட்டாம் வகுப்பு வயது வரையிலான பிள்ளைகளுக்கு.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பள்ளியின் கணக்குக்கு வங்கி வழியே அனுப்பி, குறிப்பில் பிள்ளையின் பெயர், வகுப்பு, ‘சேர்க்கைக் கட்டணம்’ என்று எழுதுங்கள். ‘விருப்பத்துடன்’ என்ற சொல் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். புத்தகத்துக்குத் தலைப்புவாரியாகப் பில் கேளுங்கள். என்சிஇஆர்டி புத்தகங்கள் பெரும்பாலும் தலா 200 ரூபாய்க்குள் கிடைப்பவை. கட்டின் விலையை ஏற்றுவது ‘ஒர்க் புக்’ என்று சேர்க்கும் தனியார் பதிப்புகளும், பள்ளி முத்திரை போட்ட நோட்டுகளும்.

பேருந்துக் கட்டணம் குழுவின் கணக்குக்கு வெளியே இருப்பதால் அதில் இஷ்டத்துக்கு ஏற்றுவார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று நேராக வரும் வண்டியா, புதுவயல் சுற்றி வருமா என்று கேளுங்கள். 15 கிலோமீட்டருக்குப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் தடமும் உண்டு. 2012-ல் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தில் தரை ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. உதவியாளர் இருக்கிறாரா, அவசரக் கதவு உண்மையிலேயே திறக்கிறதா, கடைசி இருக்கைக்குக் கீழே தரைத் தகடு எப்படி என்று ஏறிப் பாருங்கள். பேருந்து என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, ஜூலையில் வெளியாள் வேனில் பிள்ளையை மாற்றி ஏற்றுவது அடிக்கடி வரும் புகார். வேன் ஓட்டுகிற அண்ணனைக் கேட்டால், “பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, சார்” என்பார். விபத்து என்றால் பள்ளியும் அதையேதான் சொல்லும்.

பதினொன்றுக்கு வருகிறவர்கள் ‘நீட், ஜேஇஇ இணைந்த வகுப்பு’ என்ற விளம்பரத்தில் கவனமாக இருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு நீக்கப்பட்ட பிறகு அந்த ஆண்டுப் பாடத்தைத் தாண்டிப் போகிற பள்ளிகளுக்கு வசதியாகிவிட்டது. நீட் கேள்வியில் பாதி அந்த ஆண்டுப் பாடத்திலிருந்துதானே வருகிறது! கால அட்டவணையைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆய்வகத்துக்கு வாரத்தில் எத்தனை பீரியட் என்று கேளுங்கள். ஆய்வக மேசையில் தூசி இருந்தால் பதில் தேவையில்லை. கோச்சிங் பணம் பள்ளிக் கணக்குக்குப் போகிறதா, வேறு நிறுவனத்துக்கா என்பதும் முக்கியம். ஆசிரியர்கள் பாதியில் நின்றுவிட்டால் யாரிடம் கேட்பது என்பது அதில்தான் இருக்கிறது.

பழைய ஊரைவிட்டுக் கிளம்புமுன்னே முடிக்க வேண்டியவை சில. வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களிடம் மாற்றுச் சான்றிதழில் அந்த மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகள் இங்கே உண்டு. வந்த பிறகு அதற்காகத் திரும்பிப் போவது பெரும்பாடு. தமிழ்நாட்டுக்குள்ளிருந்தே மாறினால், பழைய பள்ளி ‘எமிஸ்’ என்ற கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். தாளைக் கொடுத்துவிட்டு எமிஸில் விடுவிக்காமல் வைத்திருந்தால் புதிய பள்ளி சேர்க்க முடியாமல் நிற்கும். இந்த மாற்றலையே பிடித்து வைத்துப் பணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தக் கூடாது, பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்; வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

ஏமாந்துவிட்டால் முதலில் தாளாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), முதன்மைக் கல்வி அலுவலர். இங்கே பலர் தவறுவது மாவட்டத்தில்: காரைக்குடி, தேவகோட்டை சிவகங்கையில் வரும், பொன்னமராவதி, திருமயம், ராயவரம் பக்கத்துப் பள்ளி என்றால் புதுக்கோட்டைக்குத்தான் எழுத வேண்டும். கட்டணப் புகார் நேராகச் சென்னையிலுள்ள கட்டண நிர்ணயக் குழுவுக்கு. இணைப்பு மோசடி என்றால் சிபிஎஸ்இயின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு, டைரிப் பக்கம், பதிவுப் படிவம், ‘சாரஸ்’ பக்கத்தின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கே போவதென்று குழம்பினால் கல்வித் துறையின் 14417 உதவி எண். நுகர்வோர் ஆணையத்தை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்; மாணவரை நுகர்வோர் என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு பல்கலைக்கழக வழக்கில் கூறியதை எடுத்துவைத்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே நிறுத்தப் பார்ப்பார்.