லா பாஸ் கேபிள் கார்: 3 பொலிவியானோவுக்கு ஒரு நாடு

பொலிவியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊயுனி உப்புப் பாலைவனத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எடுக்கட்டும், நானும்தான் எடுத்தேன். ஆனால் அந்த நாடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால் லா பாஸ் நகரத்தில் ஓடும் 'மி டெலிஃபெரிகோ' கேபிள் காரில் ஏறுங்கள். சுற்றுலாவுக்காகக் கட்டியதல்ல. ஆபீஸ், சந்தை, பள்ளிக்கூடம் என்று ஊர் ஜனமே தினமும் ஏறி இறங்குகிற வண்டி. அரசு நடத்துகிறது, கட்டிக்கொடுத்தது ஆஸ்திரியாவின் டாப்பல்மயர் நிறுவனம். முதலில் 2014-இல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தேசியக் கொடியின் நிறங்களில் மூன்று தடங்கள். 2019-க்குள் அது 10 ஆகி, 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

நான் போனபோது டிக்கெட் 3 பொலிவியானோ, நம் காசுக்குச் சுமார் 35 ரூபாய். ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்சியில் 'நகரச் சுற்றுலா' என்று டாலரில் விலை சொன்னார்கள். விசாரித்தால் அதில் பாதி இதே கேபிள் கார்தான். வேண்டாம், நீங்களே போய் வரிசையில் நில்லுங்கள்.

முதலில் சிவப்புத் தடம். பழைய ரயில் நிலையத்தில் ஏறினால் பத்து நிமிடத்தில் சுமார் 400 மீட்டர் மேலே, லா பாஸை ஒட்டி மேட்டில் இருக்கும் எல் ஆல்டோ நகரத்தில் இறக்கிவிடுகிறது. ஒரு பெட்டியில் பத்துப் பேர் உட்காரலாம். நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டே வரும், நாம்தான் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே இருப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு 'புவெனோஸ் தியாஸ்' (காலை வணக்கம்) சொல்கிறார்கள். பதிலுக்கு நீங்களும் சொல்லிவிடுங்கள். என் எதிரே வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையும் அணிந்த ஒரு அம்மா, முதுகில் கட்டியிருந்த வண்ணத் துணி மூட்டையை மடியில் இறக்கி வைத்தார். உள்ளே கறுத்துச் சுருங்கிய சுனியோ, அதாவது இரவுப் பனியில் உறையவிட்டு, மிதித்து நீரை எடுத்து, வெயிலில் காயவைத்த உருளைக்கிழங்கு. வருடக்கணக்கில் கெடாதாம்.

நடுவில் பொதுக் கல்லறைத் தோட்டத்தின் மேல் போகிறது. அங்கே மண்ணில் புதைப்பது குறைவு. சுவர் சுவராக அடுக்கிய மாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே பூ. பக்கச் சுவர்களில் ஆள் உயரத்துக்கும் பெரிய ஓவியங்கள். அதைத் தாண்டினால் சரிவு முழுக்கப் பூசாத செங்கல் வீடுகள்.

லா பாஸில் பணம் கீழ்நோக்கிப் போகிறது. 3,200 மீட்டர் உயரத்தில் கதகதப்பான தெற்குப் பகுதியில் வசதியானவர்கள். 4,000 மீட்டருக்கு மேல் குளிர்காற்றில் எல் ஆல்டோ, பெரும்பாலும் அய்மாரா என்ற பூர்வகுடி மக்கள். பச்சைத் தடத்தில் இர்பாவி வரை இறங்கினால் தோட்டமும் உயர்ந்த மதிலும் தெரியும். அதே மாதிரி டிக்கெட், அதே மாதிரி பெட்டி, கீழே வேறு ஊர். எல் ஆல்டோவிலும் காசு இல்லாமல் இல்லை: கட்டடக் கலைஞர் ஃப்ரெடி மமானி கட்டிய பளபளப்பான மாளிகைகள் செங்கல் காட்டுக்கு நடுவே பச்சையும் ஆரஞ்சுமாக எட்டிப் பார்க்கின்றன. கீழே கடை, நடுவில் கல்யாண மண்டபம், உச்சியில் முதலாளி வீடு.

2003 அக்டோபரில் இயற்கை எரிவாயு ஏற்றுமதியை எதிர்த்து எல் ஆல்டோ மக்கள் சாலைகளை மறித்தார்கள். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடைசியில் அதிபர் சான்செஸ் டி லோசாடா பதவி விலகி அமெரிக்கா போனார். மறியலுக்கு ஒரு அரசு எப்படிக் கவிழும் என்பது மேலே போகும்போதுதான் எனக்கு விளங்கியது. கிண்ணத்துக்குள் கிடக்கிற நகரம். விமான நிலையமும் முக்கியச் சாலைகளும் விளிம்பில். விளிம்பை அடைத்தால் கீழே பெட்ரோலும் கிடையாது, ரொட்டியும் கிடையாது. 1781-இல் அய்மாராக்களின் கிளர்ச்சித் தலைவர் துபாக் கடாரி ஸ்பானியர்களுக்கு எதிராகச் செய்ததும் இதே முற்றுகைதான். அப்புறம் 2006-இல் அய்மாராவான எவோ மொராலஸ் அதிபரானார். இந்தக் கேபிள் கார் அவர் காலத்துத் திட்டம். சட்டப்படி தலைநகரம் சுக்ரே, அரசு நடப்பது லா பாஸில் என்ற குழப்பமெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்திலேயே இருக்கும், விடுங்கள்.

குறைகள் உண்டு. தடம் மாறினால் மறுபடி 2 பொலிவியானோ. ஒரே டிக்கெட்டில் முடித்திருக்கலாம். சாயங்காலம் எல் ஆல்டோ பக்கம் போகும் வரிசை படிக்கட்டு வரை நீளும். இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மதிய வெயிலில் கண்ணாடிப் பெட்டி கொதிக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் தலைக்கு மேல் நாள் முழுக்கப் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவர்கள் நிலைமை பாவம்தான். தயவுசெய்து கேமராவை இல்லிமானி சிகரத்தின் பக்கம் திருப்புங்கள்.

மொத்தத்தில் என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. வியாழன் அல்லது ஞாயிறு காலையில் போனால் சிவப்புத் தடம் முடியும் இடத்திலேயே பெரிய சந்தை நடக்கும். ஸ்க்ரூவிலிருந்து பழைய கார் வரை விற்கிறார்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கிய முதல் நாளே மட்டும் போகாதீர்கள், நிலையத்துப் படிக்கட்டிலேயே மூச்சு வாங்கும்.