மஞ்சூரியன்னா கோபி மட்டும் இல்லீங்க

புக்கு பேரு 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்'. டேபிள் மேல வெச்சுட்டு குளிக்கப் போனேன், திரும்பி வர்றதுக்குள்ள தங்கச்சி புரட்டிப் பாத்துட்டு என்னண்ணா இதுல ஒரு ரெசிபி கூட இல்லன்னு கேக்கறா. அவ மேல தப்பில்ல, நம்மூர்ல மஞ்சூரியன்னா காலிஃப்ளவர்தான். இது சீனாவோட வடகிழக்குப் பகுதியில இருக்கற மஞ்சூரியா. ரிச்சர்ட் காண்டன்னு ஒரு அமெரிக்கக்காரர் 1959ல எழுதுன உளவு நாவல், ஒரு பட்டாளத்தானோட மூளையைக் கழுவி அவனுக்கே தெரியாம அவனை ஆயுதமாக்கி ஊருக்கு அனுப்பி வெக்கறாங்க, அதான் கதை.

முதல்ல புக்கு கைக்கு வந்த கதையைச் சொல்லிடறேன். ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், ஜூலை மழையில நனைஞ்சு ஊறிப்போய் பார்சல் வந்துச்சு, பிரிச்சா ஜெராக்ஸ் போட்டு பைண்ட் பண்ண மாதிரி ஒரு பிரிண்ட், எழுத்தெல்லாம் சாஞ்சு கிடக்கு, கடைசி முப்பது பக்கம் வெத்துத் தாள். உளவு நாவல்ல கடைசி முப்பது பக்கம் இல்லன்னா அப்புறம் எதுக்குங்க அது. ரிட்டர்ன் போட்டா உங்க பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லைங்கறாங்க, குடுக்க மட்டும் மலை ஏறத் தெரியுது, வாங்கிட்டுப் போகத் தெரியல. பணம் போனது போனதுதான். அப்புறம் ஒரு நாள் குன்னூர் மார்க்கெட் பக்கம் பழைய பேப்பர் கடையில மழைக்கு ஒதுங்கி நிக்கறப்ப, வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்ல கோர்ஸ் முடிச்சுட்டுப் போற பட்டாள ஆபீசருங்க போட்டுட்டுப் போன புக்குக் கட்டு ஒண்ணுல இதே புக்கு, நெஜமான பழைய பேப்பர்பேக், எண்பது ரூபா. பூஞ்சை வாசம் தூக்குது, ஆனா பக்கம் எல்லாம் இருக்கு. நடுவுல புக்மார்க்கா ஒரு பழைய மெஸ் பில் சொருகியிருந்துச்சு, ரெண்டு ஆம்லெட், ஒரு லெமன் சோடா. பாதியில நிறுத்திட்டான் போல, அந்தாளு யாரோ பாவம்.

கதைக்கு வர்றேன். கொரியா சண்டை. ஒரு அமெரிக்க ரோந்துக் குரூப்பு மொத்தமா எதிரிகிட்ட மாட்டுது, கொஞ்ச நாள்ல திரும்பியும் வந்துருது. சார்ஜென்ட் ரேமண்ட் ஷாதான் எங்களைக் காப்பாத்துனான்னு எல்லாரும் சாட்சி சொல்றாங்க, அவனுக்கு அந்த நாட்டோட பெரிய வீரப் பதக்கம் மெடல் ஆஃப் ஹானர் கிடைக்குது. விஷயம் என்னன்னா இந்த ரேமண்டை யாருக்குமே பிடிக்காது, சிடுமூஞ்சி, ஒருத்தன்கிட்டயும் ஒட்ட மாட்டான், ஆனா அவனைப் பத்திக் கேட்டா மட்டும் எல்லாரும் பாடம் ஒப்பிக்கற மாதிரி புகழ்றாங்க. அவங்க மேஜர் மார்க்கோவுக்கு மட்டும் ராத்திரியானா அதே கனவு திரும்பத் திரும்ப வருது.

அந்தக் கனவுதான் புக்கோட உச்சம். ஒரு ஓட்டல்ல எல்லாரும் உக்காந்திருக்காங்க, அங்க லேடீஸ் தோட்டச் சங்கத்து மீட்டிங் நடக்குது, யாரோ ஒரு அம்மா பேசிட்டிருக்காங்க, பசங்களுக்கு செம போர். ஆனா நெஜத்துல பேசறது ஒரு சீன டாக்டர், எதிர்ல உக்காந்திருக்கறது சீன, சோவியத் அதிகாரிங்க. டாக்டர் சாவகாசமா சொல்றாரு, ரேமண்ட் எந்திரிச்சு தன் கூட்டாளிங்க ரெண்டு பேரைக் கொல்றான், மத்தவங்க கொட்டாவி விட்டுட்டுப் பாத்துட்டிருக்காங்க. இதைப் படிச்சதுல இருந்து மே மாசம் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சியில மைக் புடிச்சு யாராவது பேசுனாலே எனக்கு முதுகுல ஒரு மாதிரி ஊறுது. ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு இந்த வருஷம் போறதா இல்ல.

ரேமண்டை இயக்கற சாவி ஒரு சீட்டுக்கட்டு. கம்ப்யூட்டர்ல ஆபீஸ் நேரத்துல எல்லாரும் ஆடுனோமே அந்த சாலிடேர்தான், கொஞ்ச நேரம் அதை ஆடேன்னு யாராவது ஒரு குறிப்பிட்ட மாதிரி சொன்னா போதும், உக்காந்து ஆடுவான், டைமண்ட் ராணி வந்ததும் கட்டளைக்குக் காத்துட்டு நிப்பான். செஞ்சது எதுவும் அப்புறம் ஞாபகம் இருக்காது. இவனை உள்ளூர்ல இருந்து ஆட்டி வெக்கறது யாருங்கறதை நான் சொல்ல மாட்டேன். ஆனா அவங்கம்மா எலினார்னு ஒரு கேரக்டர் இருக்கு பாருங்க, நம்ம சீரியல் மாமியாருங்க எல்லாரையும் சேத்து வெச்சாலும் பக்கத்துல நிக்க முடியாது. அந்தம்மாவோட ரெண்டாவது புருஷன் ஒரு செனட்டர், ராணுவத்துறையில இத்தனை கம்யூனிஸ்ட்னு தினம் ஒரு நம்பர் சொல்வான். இது சும்மா கற்பனை இல்ல, 1950ல மெக்கார்த்தின்னு நெஜ செனட்டர் ஒருத்தர் வெளியுறவுத்துறையில 205 பேருன்னு சொன்னதா பேப்பர்ல வந்து, கொஞ்ச நாள்லயே அது 57 ஆயிருச்சு.

குறைன்னு பாத்தா நிறைய இருக்கு. இங்கிலீஷ் கஷ்டம், ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா பர்லியார்ல இருந்து குன்னூர் வர்ற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது, முடியறப்ப எங்க ஏறுனோம்னே மறந்துருது. மார்க்கோ ரயில்ல ஒரு பொண்ணைப் பாக்கறான், பாத்த அன்னைக்கே அவ உருகிடறா, இதையெல்லாம் நம்மூரு படத்துலயே இப்ப ஒத்துக்கறதில்ல. சீன டாக்டரை வர்ணிச்சிருக்கற விதம் இன்னைக்குப் படிக்கறப்ப நெளிய வெக்குது. 1962ல இது படமாவும் வந்துச்சு, அதுல அம்மாவா நடிச்ச ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு மகனா நடிச்சவரை விட மூணே வயசுதான் ஜாஸ்தி, ஆனா பாக்கறப்ப உறுத்தவே உறுத்தாது.

இப்படி மூளையைக் கழுவ முடியுமான்னு கேட்டா, முடியாதுங்க. கொரியாவுல கைதியா இருந்த அமெரிக்கப் பசங்க சில பேர் கிருமி குண்டு போட்டோம்னு வாக்குமூலம் குடுத்தாங்க, சண்டை முடிஞ்சப்புறம் 21 பேர் ஊருக்கே வரலைன்னுட்டாங்க, அதான் அங்க பெரிய கிலியாயிருச்சு. அப்புறம் டாக்டருங்க ஆராய்ஞ்சு பாத்தா மந்திரமும் இல்ல மருந்தும் இல்ல, தூங்க விடாம, பட்டினி போட்டு, தனியா அடைச்சு, எழுதுனதையே திருப்பித் திருப்பி எழுத வெச்சது, அவ்வளவுதான். ஊருக்குப் போக மாட்டேன்னு நின்ன கைதிங்களைப் பாத்துக்கிட்டது யாருன்னு நெனைக்கறீங்க, நம்ம இந்தியப் பட்டாளம். அந்தக் கைதிங்களை என்ன பண்றதுன்னு பாக்க ஒரு நடுநிலைக் கமிஷன் போட்டாங்க, 1953ல நம்ம ஜெனரல் திம்மையா அதுக்குத் தலைவரா போனாரு. ரெண்டு பக்கமும் சேத்து 22 ஆயிரத்துக்கும் மேல கைதிங்க, பெரும்பாலும் சீனாக்காரங்களும் வட கொரியாக்காரங்களும். அமெரிக்கப் பசங்க முதல்ல 23 பேர் இருந்தாங்க, நம்மாளுங்க காவல்ல இருக்கறப்பதான் ரெண்டு பேர் மனசு மாறி கிளம்புனாங்க. நாவல்ல இதெல்லாம் ஒரு வரி கிடையாது, எனக்கு அது ஒரு வருத்தம்.

இன்னொரு கூத்து, எதிரி செய்யறான்னு காண்டன் எழுதிட்டிருந்தப்ப நெஜத்துல செஞ்சிட்டிருந்தது அமெரிக்காவோட சொந்த உளவுத்துறை சிஐஏ. எம்கே அல்ட்ரான்னு பேரு, 1953ல ஆரம்பிச்சாங்க, சொல்லாம கொள்ளாம ஆளுங்களுக்கு எல்எஸ்டிங்கற போதை மருந்தைக் குடுத்துப் பாத்தாங்க. ஃபிராங்க் ஓல்சன்னு ராணுவ ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானி, குடிக்கற டிரிங்க்ல கலந்து குடுத்து ஒன்பது நாள்ல நியூயார்க் ஓட்டல் ஜன்னல்ல இருந்து விழுந்து செத்துட்டாரு. நெனைச்சபடி ஆட்டி வெக்கற மனுஷன் ஒருத்தனைக் கூட உருவாக்க முடியல. 1973ல பைலையெல்லாம் அழிக்கச் சொல்லி ஆர்டர். ஆனா 1977ல ஒரு இருபதாயிரம் ஆவணம் கிடைச்சுது, எப்படின்னா அதெல்லாம் செலவுக் கணக்கு பைலுங்க, வேற இடத்துல கிடந்ததால தப்பிச்சுருச்சு.

இதை அப்பாகிட்ட சொன்னேன். அப்பா எம்ஆர்சியில, அதான் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்ல, ஹவில்தார் கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவரு. மெஸ் பில்லைத் தூக்கிக் காட்டி, ஆளு போயிருவான், ஆர்டர் போயிரும், பில்லு போகாதுடான்னு ஒரே சிரிப்பு.

ஒண்ணு சொல்லணும். சீட்டாட்டக் கட்டத்தைப் படிச்சுட்டு இதெல்லாம் ஓவரா இருக்கேன்னு நெனைச்சுட்டிருந்த அதே வாரம், தங்கச்சி பையன் டிவியில பரேடு பாத்துட்டு வந்து ஹால்ல நின்னு 'சாவ்தான்'னு கத்துனான், பட்டாளத்துல அட்டென்ஷனுக்கு இந்தியில சொல்ற ஆர்டர் அது. அப்பா கிச்சன்ல பால் பாக்கெட் வெட்டிட்டிருந்தாரு. ரெண்டு குதிகாலும் டப்புனு ஒட்டிக்கிச்சு. கையில கத்திரி, பாக்கெட்ல இருந்து பால் சொட்டுது, ஆளு நிமிர்ந்து நிக்கறாரு. ரிடையர் ஆகி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. தர்மபுரி பக்கத்துல இருந்து இந்தியில ஒரு வார்த்தை தெரியாம வந்து சேந்தவரு, அர்த்தம் புரியறதுக்கு முன்னாடியே உடம்பு கேட்டுக்கும்டான்னு அவரே சொல்லியிருக்காரு. அன்னைக்கு அம்மா மட்டும் 'விஷ்ராம்', அதான் தளர்வா நில்லுன்னு சொன்னாங்க, காலை விரிச்சுட்டு சிரிச்சுக்கிட்டே மறுபடி பாலை ஊத்தப் போயிட்டாரு. நான் சிரிக்கல.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். முதல் நூறு பக்கத்துக்கு மட்டும்னா அஞ்சு. ஆன்லைன்ல வாங்கறவங்க கடைசிப் பக்கம் இருக்கான்னு வந்தவுடனே பாத்துடுங்க.

இப்ப புக்கு அப்பாகிட்ட இருக்கு, கண்ணாடி போட்டுக்கிட்டு தினம் நாலு பக்கம், பென்சில் வேற. பதக்கம் குடுக்கற இடத்துல ஓரமா கோடு போட்டு வெச்சிருக்காரு. என்னப்பான்னு கேட்டா, எல்லாச் சாட்சியும் ஒரே வார்த்தையில இருக்கு, இப்படி ஒரு பைல் என் டேபிளுக்கு வந்திருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன், இவனுங்க ஆபீஸ்ல கிளார்க்கே இல்லையான்னாரு.