சீனா கதவைச் சாத்தினால்: நார்வே, லிதுவேனியா, ஆஸ்திரேலியா

2010-ல் சிறையில் இருந்த சீன ஜனநாயகப் போராளி லியூ சியாவ்போவுக்கு அமைதி நோபல் கொடுத்தது நார்வே அரசு அல்ல, ஓஸ்லோவில் உள்ள தனிக் குழு. பெய்ஜிங் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. உறவு உறைந்தது, நார்வே சால்மன் மீனுக்குச் சோதனைகள் இறுகின. நார்வே ஆறு வருஷம் பொறுத்தது. 2014-ல் தலாய் லாமா ஓஸ்லோ வந்தபோது பிரதமர் அவரைச் சந்திக்கவில்லை. 2016 டிசம்பரில், சீனாவின் 'மைய நலன்களை' (திபெத், தைவான் போல அது விட்டுக்கொடுக்காத விஷயங்களை) மதிப்பதாகக் கையெழுத்துப் போட்டு ராசியானது. இத்தனைக்கும் அதன் மீனுக்கு ஐரோப்பாதான் பெரிய சந்தை! பசி வந்து குனிந்ததாகச் சொல்ல முடியாது.

லிதுவேனியா வேறு ரகம். 2021-ல் அதன் தலைநகர் வில்னியஸில் தைவான் திறந்த அலுவலகத்தின் பெயரில், வழக்கம்போல் 'தைபே' என்று நகரின் பெயரைப் போடாமல் 'தைவான்' என்று போட அனுமதித்தது. தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனாவுக்கு, அது தனி நாடாக ஏற்பதுபோல. சீனச் சுங்கத்துறையின் கணினியில் நாட்டின் பெயரே காணாமல் போனது. சீனாவுக்கு நேரடி ஏற்றுமதி சொற்பம் என்பதால் தாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் லிதுவேனிய உதிரிபாகங்களை வாங்கும் ஜெர்மன் கம்பெனிகளையும் சீனா நெருக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. தைவான் கைகொடுத்தது; சீனாவுக்குப் போகவேண்டிய 20,000 பாட்டில் ரம்மைக்கூட வாங்கிக்கொண்டது. ஆனாலும் சில மாதங்களிலேயே, பெயர் வைத்த விதம் தவறு என்று லிதுவேனிய அதிபரே சொல்லிவிட்டார்.

எனக்குச் சுவாரசியமானது ஆஸ்திரேலியாதான். கொரோனாவின் மூலத்தை விசாரிக்கக் கேட்டதற்கு 2020-ல் வந்தது வரிசையான அடி: பார்லிக்கு 80.5% வரி, ஒயினுக்கு 200%-ஐத் தாண்டிய வரி, நிலக்கரி, லாப்ஸ்டர், மாட்டிறைச்சி. இரும்புத் தாதுவை மட்டும் சீனா தொடவில்லை. தொட்டால் அதன் உருக்காலைகளுக்கே கஷ்டம். ஆஸ்திரேலிய அரசு உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டுவிட்டு, சரக்கை வேறு பக்கம் திருப்பியது. பார்லி சவுதிக்கும் மெக்சிகோவுக்கும் போனது, நிலக்கரி இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும். பார்லி எங்கே விளைந்தாலும் பார்லிதான், அதனால் வாங்க ஆள் கிடைத்தார்கள்.

ஒயின் அப்படியில்லை. வருஷம் சுமார் 120 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கிய சீனர்களுக்கு ஈடாக யாரும் வரவில்லை. சிவப்பு ஒயின் தொட்டிகளில் தேங்கியது, திராட்சை விலை படுத்தது, திராட்சை விளையும் ரிவர்லேண்ட் பகுதியில் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். 2024 மார்ச்சில் வரி நீங்கியது. அதற்குள் சீனாவில் ஒயின் குடிப்பதே குறைந்துபோயிருந்தது.