நாய்க்கூண்டு கட்டிய கணக்கு

பட்டறைக்காரர் சொன்ன தொகை 18,500 ரூபாய். என் நோட்டில் கடைசி வரியில் இருக்கும் தொகை 39,530. நடுவில் இருக்கும் 21,030 ரூபாய் எந்த வழியாகப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். அஞ்சலகத்தில் முப்பத்தொரு வருடம் நாள் கணக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவன் நான். கணக்கு பத்துப் பைசா இடித்தாலும் தூக்கம் வராது.

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். நாய் இராஜபாளையம் சாதி, பெயர் முத்து. 2005 ஜனவரியில் இந்திய நாய்களுக்கென்று நான்கு தபால்தலைகள் வந்தன. முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு இராஜபாளையமும் இருந்தது. என் கவுன்டரில் அதைக் கிழித்து விற்கும்போதே பணி ஓய்வுக்குப் பிறகு இதில் ஒன்று வளர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சாதியில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. அதனால் குட்டியின் முதுகுப்பக்கம் நின்று கைதட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். காது நன்றாகவே கேட்கிறது. தெருமுனையில் தபால்காரரின் சைக்கிள் மணி அடித்தால் இங்கே குதிக்க ஆரம்பித்துவிடும். நாலரை அடிச் சுற்றுச்சுவர் அதற்கு ஒரு பொருட்டில்லை. இரண்டு முறை தாண்டிய பிறகு, தபால்களை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார் என்று தெரிந்தது. முன்னாள் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குத் தபால் வராத நிலை. கூண்டு கட்டுவது என்று முடிவாயிற்று.

முதலில் மதுரையில் தயாராக விற்கும் கூண்டுகளைப் பார்த்தேன். நான்கடி நீளம், மூன்றடி அகலம், மடக்கி வைக்கும் மாதிரி, 13,500 ரூபாய் சொன்னார்கள். முத்துவுக்குத் தோள் உயரமே இரண்டேகால் அடி. அதில் நிற்கலாம், படுக்கலாம், திரும்ப வேண்டுமென்றால் யோசித்துத்தான் திரும்ப வேண்டும். பயணத்தில் கொண்டுபோக அது சரி. தினமும் பகலில் ஆறு மணி நேரம் இருப்பதற்கு ஆகாது.

பிறகுதான் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி உயரம் என்றேன். ஒரு அங்குலச் சதுரக் குழாய், 16 கேஜ் தடிமன் (கேஜ் எண் கூடினால் குழாய் மெலியும்), சுற்றிலும் வெல்டு மெஷ் என்கிற கம்பி வலை, மேலே வண்ணத் தகடு. “கிலோ 130 ரூபாய் அண்ணாச்சி. எல்லாம் சேர்த்துப் பதினெட்டரைக்குள் அடங்கிவிடும்” என்றார் பட்டறைக்காரர். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும் பட்டறைகளைவிடக் கிலோக் கணக்கு நியாயமானது என்று எனக்குத் தோன்றியது. ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அது 2024 பிப்ரவரி கடைசி.

பத்து நாள் என்றார்கள், இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் பட்டறையில் சொன்ன தேதிக்குக் கொடுத்திருக்கிறார்கள்?

குறை பில்லில் இருந்தது. குழாய் எட்டு, 58 கிலோ. கதவுக்கும் ஆங்கிளுக்கும் தட்டைக் கம்பிக்கும் 14 கிலோ. ஆக 72 கிலோவுக்கு 9,360. மெஷ் 150 சதுர அடி, 28 ரூபாய் வீதம் 4,200. தகடு 70 சதுர அடி, அதுவும் 4,200. பிரைமர், பெயின்ட் 1,400. வண்டி, பொருத்துக் கூலி 1,500. மொத்தம் 20,660. சொன்னதைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் அதிகம், போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் “58 கிலோ” என்ற எண் கண்ணை உறுத்தியது. எடை போட்டதற்கு ஒரு சீட்டும் இல்லை. இருபதடிக் குழாய் ஒன்று 16 கேஜில் ஏழு கிலோ முந்நூறு கிராம் அளவுக்கு இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. எட்டால் பெருக்கினால் 58 வருகிறது. அதாவது அவர்கள் எடை போடவே இல்லை, பெருக்கித்தான் போட்டிருக்கிறார்கள்.

பொருத்த வந்த பையன்கள் மூன்றடித் துண்டு ஒன்றை வேலியோரம் விட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சேவுப் பொட்டலத்தை இறக்கிவிட்டுத் தராசில் அதைக் குறுக்காக வைத்தார். 16 கேஜ் என்றால் ஒரு கிலோ நூறு கிராமுக்குச் சற்றுக் குறையாக இருக்க வேண்டும். தராசு 830 கிராம் காட்டியது. அது 18 கேஜ் குழாயின் எடை. கடைக்காரர் நம்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தார். அதே 830.

துண்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சத்தம் போடவில்லை. எட்டுக் குழாயின் உண்மை எடை 44 கிலோ, பில்லில் 58, வித்தியாசம் 14 கிலோ, 130 வீதம் 1,820 ரூபாய் என்று எழுதிக் காட்டினேன். பட்டறைக்காரர் துண்டை வாங்கி வாய்ப்பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தார். “குடோனில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் அண்ணாச்சி” என்றார். இருக்கலாம். 1,800 குறைத்துக்கொண்டார், மிச்ச இருபது ரூபாயை விட்டுவிடச் சொன்னார், விட்டுவிட்டேன். ஆகப் பட்டறைக்குக் கொடுத்தது 18,860. மறுக்காமல் குறைத்தாரே என்பதற்கு அவருக்கு ஒரு மதிப்பெண் உண்டு. நான் எடை போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒரு மதிப்பெண் கழிவும் உண்டு.

இதற்கு நடுவில் இன்னொரு கதை. கூண்டு பட்டறையில் இருக்கும்போதே, எங்கள் சமையலறைப் படி உடைந்து அதைச் சரிசெய்ய மேஸ்திரி ஒருவர் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். கொல்லையில் நான் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, “கால் எதில் ஊன்றுகிறீர்கள்?” என்று கேட்டார். மண்ணில்தான் என்றேன். பட்டறையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி செருப்பு நுனியால் தரையில் இருந்த வெடிப்பைக் காட்டினார். மார்ச் மாதம், கரிசல் மண், இரண்டு விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. “மழை பெய்தால் இது ஊதும், வெயிலில் சுருங்கும். ஐப்பசி தாண்டினால் கூண்டு ஒரு பக்கம் சாயும், கதவு பூட்டாது. மேலாகச் சிமென்ட் போட்டாலும் வெடித்துவிடும் சார்” என்றார்.

பத்துக்கு ஏழடி இடத்தை ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டிக் கரிசலை வெளியே எடுத்தார்கள். சரளை ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி, 3,000 ரூபாய். தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக இடித்து, அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட். தரையை மழமழவென்று தேய்க்க நான் சொன்னேன். கழுவ எளிதாக இருக்கும் என்பது என் எண்ணம். மேஸ்திரி கேட்கவில்லை. தரை இறுகுவதற்கு முன்னால் தென்னந்துடைப்பத்தால் ஒரே போக்கில் இழுத்துவிட்டார். வழுக்குகிற தரையில் நாய்க்குப் பின்னங்கால் அகன்று போகும் என்றார். அந்தக் கோடுகள் வாட்டத்தின் போக்கிலேயே இருக்கின்றன. எட்டடி நீளத்துக்கு இரண்டு அங்குல வாட்டம், மூலையில் ஒரு குழாய், வெளியே செங்கல் ஜல்லி நிரப்பிய குழி. காலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் துடைப்பம் தொடாமலே தண்ணீர் குழாய் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. குழிக்குப் பதிலாகத் தென்னை மூட்டுக்கு விடலாமே என்று கேட்டேன். பினாயில் தண்ணீர், மரத்துக்கு ஆகாது என்றார்.

சுற்றிலும் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு செங்கல் வரி எழுப்பி, அதன்மேல்தான் கூண்டின் சட்டத்தை உட்கார வைத்தார்கள். நாயின் மூத்திரம் படும் இடத்தில் இரும்பு இருந்தால் இரண்டு வருடத்தில் அடி அரித்துவிடும். 18 கேஜ் என்றால் அதற்கும் முன்னாலேயே. மேற்கிலும் தெற்கிலும் மூன்றடிக்குச் சுவர் வைத்தது இன்னொரு செலவு. முத்துவின் மூக்கும் கண் ஓரமும் இளஞ்சிவப்பு, அந்தத் தோல் வெயில் தாங்காது. மூன்று மணி வெயில் மேற்கிலிருந்து சரிந்து மெஷ் வழியாக உள்ளே வந்தால் படுக்க இடம் இருக்காது.

சரளை 3,000, சிமென்ட் ஏழு மூட்டை 2,870, ஜல்லியும் எம் சாண்டும் 2,600, செங்கல் 250க்கு 2,500, மேஸ்திரி மூன்று நாள் 3,300, சித்தாள் மூன்று நாள் 2,100, குழாயும் குழியும் 1,150. ஆக 17,520. கூண்டுக்கும் தரைக்கும் ஏறக்குறைய ஒரே விலை. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. பட்டறைக்காரரின் கணக்கு இரும்போடு முடிந்துவிடுகிறது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று: சுவர் வந்த இடத்தில் மெஷ் தேவையே இல்லை. பதின்மூன்றடி நீளம், மூன்றடி உயரம், 39 சதுர அடி. 28 ரூபாய் வீதம் 1,092 ரூபாய் மெஷ் சுவருக்குப் பின்னால் வெறுமனே நிற்கிறது. மேஸ்திரியை முதலில் கூப்பிட்டு, அவர் சொல்லும் அளவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயிருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். சமையலறைப் படி ஒரு மாதம் முன்னால் உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் தகடு தன் குணத்தைக் காட்டியது. மதியம் இரண்டு மணிக்கு வேப்பமரத்தடியில் 38 டிகிரி, கூண்டுக்குள் தகட்டின் கீழ் 44. சுவர்க் கடிகாரத்தோடு வரும் சாதாரண வெப்பமானிதான், ஆனால் இரண்டு இடத்திலும் அதே ஒன்றைத்தான் வைத்துப் பார்த்தேன். முத்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுவர் மூலையில் ஒட்டிக் கிடந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “நாற்பதாயிரம் செலவழித்து அடுப்பு கட்டியிருக்கிறீர்கள்” என்றாள். அப்போது நாற்பதாயிரம் ஆகவில்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. தகட்டுக்கு மேல் நான்கு அங்குலம் இடைவெளி விட்டு மூங்கில் கட்டி, தென்னங்கீற்று வேய்ந்தோம். 1,900 ரூபாய். அந்த இடைவெளி முக்கியம், கீற்றைத் தகட்டோடு ஒட்டிப் போட்டால் பலன் பாதிதான். மறுநாள் அதே நேரத்தில் 40 காட்டியது. கீற்றை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். இனி யாராவது கேட்டால், தகட்டை விட்டுவிட்டு நேராகக் கீற்றுக் கொட்டகையே போடச் சொல்வேன். மழைக்கு மட்டும் நடுவில் ஒரு தார்ப்பாய் போதும்.

படுப்பதற்கு, தீப்பெட்டி ஆலைகளிலிருந்து வரும் பழைய பெட்டிப் பலகைகளை அடித்துத் தரையிலிருந்து ஐந்து அங்குலம் உயர்த்திய ஒரு பலகைக் கட்டில். 850. இந்தக் கணக்கில் நான் மனம் நோகாமல் கொடுத்த தொகை இது ஒன்றுதான்.

கதவு விஷயம் பாக்கி. உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நாய் முட்டினால் கதவு சாத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அவர்கள் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். முதல் வாரமே நான் தாழ்ப்பாளைத் தூக்கிய நொடியில் முத்து முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வாசலில் யார் நின்றார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, “சார், மணியார்டர் இருக்கிறது” என்று கத்தினார். கீலை மாற்றி வைக்க 400 ரூபாய் கேட்டார்கள், அவர்கள் செய்த தவறுக்கு நானே கொடுத்தேன். மெஷ்ஷின் வெட்டிய முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததில் முத்துவின் காது மடல் ஒரு முறை கிழிந்தது. நானே அரம் வாங்கி ராவினேன். இரண்டு மாதத்தில் கதவு அரை அங்குலம் தொங்கித் தாழ்ப்பாள் துளையில் சேரவில்லை. மெல்லிய குழாயின் வேலை. அதை மட்டும் நான்காவது முறை போன் செய்த பிறகு வந்து குறுக்குப் பட்டை வைத்து இலவசமாகச் சரிசெய்தார்கள்.

பட்டறைக்கு ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். பற்றவைப்பு ஒரு இடத்திலும் விடவில்லை, பெயின்டும் உரியவில்லை, அதற்காக அந்த இரண்டு. மேஸ்திரிக்கு நாலரை. ஒரு மழைக்காலம் முழுக்கத் தாண்டிவிட்டது, தரையில் மயிரிழை வெடிப்பு இல்லை. குறைத்த அந்த அரை, வேலை நடந்த மூன்று நாளும் என் வெற்றிலைப் பெட்டியைக் காலி செய்ததற்கு.

தபால்காரர் இப்போது வாசல் வரை வருகிறார். தண்ணீர் போகும் குழாய் வாய்க்கு வலை மூடி ஒன்று போட வேண்டும், தவளை ஏறி வருகிறது. கடையில் 180 ரூபாய் சொன்னார்கள். அதையும் சேர்த்தால் 39,710.