ஹைப்ரிடா, மின்சாரக் காரா: கூடுதலாகக் கொடுத்த காசு எங்கே திரும்பும்?

வண்டியில் ‘ஹைப்ரிட்’ என்று ஒட்டியிருந்தாலே ஹைப்ரிட் ஆகிவிடாது. மைல்ட் ஹைப்ரிடில் இருக்கும் சின்ன மோட்டார் என்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை இழுக்காது. இங்கே பேசுவது கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற கார்களில் வரும், என்ஜின் அணைந்திருக்கும்போதும் மோட்டாரே வண்டியை இழுக்கக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிடைப் பற்றி.

சென்னைக் கணக்காகவே பார்ப்போம். ஷோரூம் விலை பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ₹15 லட்சம், ஹைப்ரிட் ₹17 லட்சம், மின்சாரக் கார் ₹18 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ₹10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18%. அதைச் சேர்த்தால் பெட்ரோல் ₹17.70 லட்சம், ஹைப்ரிட் ₹20.06 லட்சம். மின்சாரக் காருக்கு வரி விலக்கு கிடைத்தால் அதே ₹18 லட்சம்தான்; கிடைக்காவிட்டால் ₹21.24 லட்சம். ஆகவே பதிவு செய்யும் நாளில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். முடிவையே புரட்டிப்போடும் எண் இது.

இனி ஓட்டும் செலவு. பெட்ரோல் லிட்டர் ₹101 என்றால், நகர நெரிசலில் 12 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்குக் கி.மீ.க்கு ₹8.40, 21 கி.மீ. தரும் ஹைப்ரிடுக்கு ₹4.80. மிச்சம் ₹3.60. கூடுதலாகக் கொடுத்த ₹2.36 லட்சம் திரும்ப ஏறக்குறைய 65,000 கி.மீ. ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் கதையே வேறு. ஹைப்ரிடின் லாபம் பிரேக் பிடிக்கும்போது திரும்பும் மின்சாரத்திலும், ஊர்ந்து போகும்போது அணைந்திருக்கும் என்ஜினிலும் இருக்கிறது. நூறு கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது இரண்டுமே இல்லை. பெட்ரோல் 17, ஹைப்ரிட் 20 என்று மைலேஜ் நெருங்கிவிடும். மிச்சம் 90 பைசா. போட்ட காசு திரும்ப இரண்டரை லட்சம் கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். வாரம்தோறும் திருச்சி போய்வருபவர் மைலேஜை நம்பி ஹைப்ரிட் வாங்குவதில் அர்த்தமில்லை. ஆண்டுக்கு 7,000 கி.மீ. ஓட்டுபவருக்கு நகரத்திலும் இல்லை.

மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7 கி.மீ. தரும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாத ஈபி பில்லில் 290 யூனிட் கூடும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் யூனிட்டுக்கு ₹8-க்கு மேல் போவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலையும் இரட்டிப்பாகும். அப்படியும் கி.மீ.க்கு ₹1.40-ஐ ஒட்டித்தான் வரும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ₹7 மிச்சம். வரி விலக்கே இல்லாவிட்டாலும் 50,000 கி.மீ.யில் கணக்கு நேராகிவிடும்.

வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாதவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. பொது ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் ₹22 என்றால் நகரத்தில் கி.மீ.க்கு ₹3.10, நெடுஞ்சாலை வேகத்தில் ₹4. அப்போது ஹைப்ரிடை விடக் கொஞ்சம்தான் மலிவு, காத்திருப்பது தனி. அடுக்குமாடியில் இருப்பவர் முன்பணம் கட்டும் முன் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் வைக்க 32 ஆம்பியர் தனி லைன், 6 சதுர மி.மீ. தாமிர ஒயர், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். ஈபியில் வீட்டுக்கு அனுமதித்திருக்கும் மின்சுமையையும் உயர்த்த வேண்டியிருக்கும். பழைய வீடுகளில் தொல்லை கொடுப்பது எர்த்திங். அது சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜ் ஏறவே மறுக்கும். பழைய 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்கச் சொருகி வைத்தால், தளர்ந்த முனை சூடேறி சாக்கெட் உருகும்.

வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி உண்டு. வழியில் நிற்க வைப்பது பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் பெரியதில் முழு சார்ஜ் இருந்தாலும் மின்சாரக் கார் கிளம்பாது. ஹைப்ரிடில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பல மாடல்களில் பின்சீட்டை ஒட்டி இருக்கும். அதன்மேல் பையையோ போர்வையையோ போட்டு மூடக் கூடாது. ஃபில்டரில் தூசி அடைத்தாலும் பேட்டரி சூடேறும். சர்வீஸுக்கு விடும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.