10 நிமிட வண்டி 15 நிமிடமானால்: சிக்கன கால அட்டவணை எப்படி?

நிதி நெருக்கடி வந்ததும் நகரப் பேருந்து நிர்வாகம் முதலில் கைவைப்பது கால அட்டவணையில்தான். போய்த் திரும்ப 60 நிமிடம் ஆகும் தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 6 வண்டிகள் தேவை. 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 4 போதும். இரண்டு வண்டிகளின் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் மிச்சம். பயணியின் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்திலிருந்து ஏழரை நிமிடம் ஆகும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நடை ரத்தானால் நிறுத்தத்தில் 30 நிமிட இடைவெளி விழுந்துவிடும். இந்த மாற்றத்தின் உண்மையான வலி அங்கேதான்.

இதைவிட மோசமான சிக்கனம், முனையத்தில் வண்டி நிற்கும் 8 நிமிடத்தை 3 ஆக வெட்டுவது. 5 நிமிடத் தாமதத்தை விழுங்கிக்கொண்டிருந்த இடம் அது. வெட்டியபின் தாமதம் அடுத்த நடைக்கும் தொற்றுகிறது. தாமதமான வண்டிக்குக் கூட்டம் சேரும், ஏற்றி இறக்க நேரம் பிடிக்கும். பின்னால் வருவது காலியாக ஓடிவந்து அதன் வாலைப் பிடிக்கும். படியில் ஆள் தொங்க ஒரு வண்டி, இருக்கைகள் காலியாக மறுவண்டி, இரண்டும் ஒன்றாக வரும்! பின்வண்டியை நடுவழி நிறுத்தமொன்றில் சில நிமிடம் பிடித்து வைத்தால் இடைவெளி மீளும். அதற்குக் கண்காணிப்பாளர் வேண்டும், அந்தப் பணியிடத்தையும் குறைத்திருப்பார்கள்.

புதிய அட்டவணை கைக்கு வந்தால் கடைசி வண்டி நேரத்தை முதலில் பாருங்கள். சத்தமில்லாமல் வெட்டப்படுவது அதுதான்.