அரசு வீடு கட்டித் தர வேண்டுமா, வாடகைக்குப் பணம் தர வேண்டுமா?

வீடில்லாதவர்களுக்கு அரசு உதவியே ஆக வேண்டும், சரி, எந்த வழியில் என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

வேகம்: வாடகை உதவி சீக்கிரம் கைக்கு வரும். கட்டுவதற்கு நிலம், அனுமதி என்று வருடங்கள் ஓடும்.

செலவு: கட்ட முதலிலேயே பெரிய தொகை வேண்டும், அப்புறம் பராமரிப்பு. வாடகை உதவி சிறிதாகத் தெரிந்தாலும் மாதாமாதம் தொடரும். வீடுகளே பற்றாக்குறை என்றால் அந்தப் பணம் வாடகையை ஏற்றிவிட்டு வீட்டுக்காரரிடமே போய்ச் சேரும், குடும்பத்தின் நெருக்கடி அப்படியே இருக்கும்.

நீடிப்பு: கட்டிய வீடு தலைமுறை தாண்டும். 1960-இல் வீட்டு வாரியம் தொடங்கிய சிங்கப்பூரில் இன்று பெரும்பாலானோர் அரசு கட்டிய வீடுகளில்தான் வாழ்கிறார்கள். ஆனால் வேலையிடத்துக்கு எட்டாத தூரத்தில் கட்டினால் பூட்டியே கிடக்கும்.

காலி வீடுகள் இருந்தும் வாடகை கட்ட முடியாதவர்களுக்கு உதவித்தொகை போதும். வீடுகளே போதாத இடத்தில் கட்டித்தான் ஆக வேண்டும், அதுவரை யாரையும் தெருவில் விடாமல் வாடகை உதவியும் தர வேண்டும்.